எல்மாவும் ஓசையற்ற வண்டியும்

வண்டி தாழ்ந்து முடிப்பதற்குள் எல்மா ஏறிவிடுவாள். கதவைத் திறந்தால் போதும், அந்த வண்டி ஒட்டகம் மண்டியிடுவதுபோல நான்கு சக்கரத்தின்மேலும் மெல்ல இறங்கும். வயதானவர்கள் இடுப்பு நோகாமல் உட்காரட்டும் என்று செய்துவைத்த ஏற்பாடு அது. பாதி இறங்கும்போதே இவள் ஸ்டியரிங்கைப் பிடித்துத் தொங்கி, உள்ளே விழுந்து, வாரை இழுத்து மாட்டிக்கொண்டு, "போ, போ, போ" என்பாள். வண்டி அப்போதும் இறங்கிக்கொண்டுதான் இருக்கும். இறங்கி முடித்ததும் திரும்ப மேலே எழும்ப வேண்டும். அந்த நேரத்தில் இவள் பத்து விரலாலும் ஸ்டியரிங்கில் தாளம் போடுவாள்.

"மண்டி போடுறதெல்லாம் சர்ச்சுல வெச்சுக்கச் சொல்லு இத. எனக்கு நேரமாகுது."

எதற்கு நேரமாகிறது என்று கேட்கக் கூடாது. எல்மாவுக்கு எப்போதும் நேரமாகும்.

எல்மா கிளெம்கே பிறந்தது நோஸ்கே குடும்பத்தில். அவள் அம்மா அமாலியாவும் என் அப்பாவும் அக்காள் பிள்ளை, தம்பி பிள்ளை. பத்தொன்பது வயதில் கிளெம்கே வீட்டு மூத்தவன் எர்வினைக் கட்டிக்கொண்டு பூல்கரா ஊருக்கு மேற்கே இருக்கிற செம்மண் காட்டுக்கு வந்தாள். எர்வினுக்கு நேர் இளையவன் கிளாரி. இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரு வேலி, ஒரு காற்றாடிக் கிணறு. எல்மாவுக்கு மூன்று பிள்ளைகள். இரண்டு பேர் மெல்போர்னில். கடைசிப் பையன் இப்போது நிலத்தைப் பார்க்கிறான். பார்க்கிறான் என்று அவன் நினைத்துக்கொண்டிருக்கிறான். ஆடு எத்தனை, கோதுமையில் துரு நோய் விழுந்ததா, எந்தக் கம்பி அறுந்திருக்கிறது என்பது இன்னும் எல்மாவுக்குத்தான் முதலில் தெரியும்.

இந்த மின்சார வண்டியை அவள் வாங்கியது மூன்று வருஷத்துக்கு முன்னால், விவசாயக் கருவிக் கண்காட்சியில். ஆட்டுக்கு மருந்து புகட்டும் துப்பாக்கி ஒன்று பார்க்கப் போனவள். ஒரு கூடாரத்துக்குள் சிவப்புக் கம்பளம் விரித்து, அதன்மேல் இதை நிறுத்தியிருந்தார்கள். கூழாங்கல்லைப்போல வழவழவென்று, ஒரு மூலை முடுக்கு இல்லாத உடம்பு. கைப்பிடிகூட வெளியே தெரியாது, கிட்டே போனால்தான் கதவிலிருந்து நாக்கு நீட்டும். எல்மா சாணி ஒட்டிய பூட்சோடு ஏறி உட்கார்ந்தாள். இறுக்கமான கால்சட்டை போட்ட விற்பனைப் பையன் பதறிப்போனான். பதற்றத்தை மறைக்க, சீட்டில் விலங்குத் தோல் துளியும் இல்லை, எல்லாம் செயற்கை என்று பெருமையாகச் சொன்னான்.

"அறுபது வருஷம் ஆடு வளர்த்தவகிட்ட வந்து தோல் இல்லாத சீட்ட விக்கிறியாடா?" என்றாள் எல்மா. ஆனால் இறங்கவில்லை. அரை மணி நேரம் இறங்கவில்லை. பழைய டீசல் வண்டியின் கிளட்ச் அவள் இடது முழங்காலைத் தின்று தீர்த்திருந்தது. இதில் கிளட்சும் இல்லை, கியரும் இல்லை. "என் முட்டி அங்கயே முடிவு பண்ணிருச்சு, நான் கையெழுத்துதான் போட்டேன்" என்பாள்.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகச் சீட்டின்மேல் தன் ஆட்டுத் தோலைப் போட்டாள். இந்தக் கதவிலிருந்து அந்தக் கதவு வரைக்கும் நீண்டு கிடந்த கண்ணாடித் திரையில் பாதிக்குமேல் பாத்திரம் துடைக்கும் துண்டைத் தொங்கவிட்டாள். "நான் எங்க போறேன்னு எனக்குத் தெரியாதா, இது என்ன படம் போட்டுக் காட்டுறது." கதவோரம் ஓடுகிற விளக்குக்கு அறுபத்து நான்கு நிறம் உண்டாம். அறுவடை மெஷினின் பச்சை எது என்று தேடி அதிலேயே நிறுத்திவிட்டாள். கூரை முழுக்கக் கண்ணாடி. மேலே கொண்டைக்கிளிகள் கூட்டமாய்ப் பறந்தால், ஓட்டிக்கொண்டே அண்ணாந்து திட்டுவாள். அவை அவளுடைய விதைக்கோதுமையைத் தின்றவை.

பானெட்டைத் திறந்து காட்டியபோது பப் நடத்துகிற பாரியும் நாங்களும் கூடி நின்று பார்த்தோம். உள்ளே இஞ்சின் இல்லை. கம்பளம் விரித்த ஒரு குழிதான் இருந்தது. பாரி தொப்பியைக் கழற்றிவிட்டு, "எல்மா, உன்னை ஏமாத்திட்டாங்க, இஞ்சின் வெக்க மறந்துட்டாங்க" என்றான். அந்தக் குளிர்காலத்தில் தாயிழந்த ஆட்டுக்குட்டிகள் அந்தக் குழியில்தான் வைக்கோல்மேல் படுத்துப் பயணம் செய்தன. நான்கு விநாடியில் நூறு கிலோமீட்டர் வேகம் பிடிக்கிற வண்டியின் மூக்குக்குள்ளிருந்து "மே" என்று சத்தம் வந்தது.

திங்கள், புதன், வெள்ளி காலை ஐந்தே முக்காலுக்கு அவள் கிளாரியின் கேட்டுக்கு வருவாள். கிளாரியின் இரண்டு சிறுநீரகமும் போய் இரண்டு வருஷம் ஆகிறது. வாரத்துக்கு மூன்று நாள், தொண்ணூற்றாறு கிலோமீட்டர் தள்ளி டென்னிங் ஆஸ்பத்திரியில் ரத்தத்தை மெஷினில் விட்டுச் சுத்தம் செய்து திரும்ப ஏற்ற வேண்டும். முன்பு ஒரு சின்ன பஸ் போய்வந்தது. அது நின்றபோது நர்ஸ் வீடு வீடாக போன் போட்டாள். எல்மா சொன்னது இதுதான்: "வண்டி சும்மாதானே நிக்குது. அஞ்சே முக்காலுக்கு கேட்டுல நிக்கச் சொல்லுங்க. ஆறுன்னா நான் போயிருப்பேன்."

நர்ஸிடம்தான் சொன்னாள். கிளாரியிடம் இல்லை. கிளாரியிடம் அவள் பேசி இருபத்தாறு வருஷம்.

அது ஒரு டிசம்பர். எர்வின் ஆட்டுப்பட்டியில் நின்ற இடத்தில் விழுந்து இறந்தான். அடக்கம் வியாழக்கிழமை. அன்று காலையிலிருந்தே வடமேற்கில் கறுத்துக்கொண்டு வந்தது. எர்வினின் கோதுமை அறுக்காமல் நின்றது, முற்றிய கதிர் நனைந்தால் நின்ற நிலையிலேயே முளைவிட்டுவிடும். கிளாரி சர்ச்சுக்கு வரவில்லை. அறுவடை மெஷினில் ஏறி அண்ணன் காட்டை அறுத்தான். தன் காட்டை விட்டுவிட்டான். அது நனைந்தது. சவப்பெட்டியைத் தூக்க ஆறு பேர் வேண்டும், முன்னால் இடது மூலை தம்பிக்கு உரியது. அந்த மூலையை நான் பிடித்தேன்.

"கோதுமை முளைச்சா முளைச்சுட்டுப் போகட்டும். அண்ணன்மேல மண்ணு விழும்போது தம்பி எங்க?" என்றாள் எல்மா, கல்லறையில், எல்லோர் முன்னாலும். அது கிளாரி காதுக்குப் போனது. "நான் அறுத்தது யார் காடுன்னு அவளைக் கேளு" என்றான். இரண்டு பேர் பக்கமும் நியாயம் இருந்தது. அதனால்தான் இவ்வளவு நாள் நீடித்தது.

பழைய டீசல் வண்டியாக இருந்திருந்தால் தொண்ணூற்றாறு கிலோமீட்டர் பேசாமல் போவது ஒன்றும் பெரிய காரியமில்லை. இஞ்சின் எல்லோருக்கும் சேர்த்துப் பேசும். இந்த வண்டியில் சத்தமே கிடையாது. கிளாரி எச்சில் விழுங்குவது பின்சீட்டில் இருக்கிற எனக்குக் கேட்கும். வலக்கண் புரைக்காக ஏழெட்டு முறை நான் அவர்களோடு போயிருக்கிறேன். எல்மா பக்கம் பதினெட்டு டிகிரிக் குளிர், கிளாரி பக்கம் இருபத்தாறு டிகிரிச் சூடு. இரண்டும் நடுவில் முட்டிக்கொள்ளும் இடத்தில் நான் கோட்டைப் போடுவதும் கழற்றுவதுமாக இருப்பேன். அந்த அமைதி எல்மாவை அரிக்கும். கண்ணாடியை இறக்குவாள், ஏற்றுவாள். முதுகைப் பிடித்துவிடும் சீட்டை முடுக்குவாள், அது இரண்டு பிடி பிடிப்பதற்குள் நிறுத்துவாள். கடைசியில், கேட்டதற்குப் பதில் சொல்கிற அந்த வண்டிப் பெண்குரலைக் கூப்பிடுவாள்.

"ஏ பொண்ணே, இந்த ஆளு மாத்திரை முழுங்குனானான்னு கேளு."

"மன்னிக்கவும், எனக்குப் புரியவில்லை" என்று வண்டி சொல்லும்.

கிளாரி கண்ணாடி வழியாகக் காட்டைப் பார்த்துக்கொண்டு, "முழுங்கியாச்சுன்னு சொல்லு அவகிட்ட" என்பான், அவனும் வண்டியிடமே.

"பொய் சொன்னா மூஞ்சி சிவக்கும்னு சொல்லு."

"மூஞ்சி சிவக்கிறது வெயில்லன்னு சொல்லு. உச்சந்தலைக்கு மேல கண்ணாடியப் போட்டு வெச்சா சிவக்காம வெளுக்குமா?"

"விடியக்காலை அஞ்சு மணிக்கு எந்திரிச்சு இழுத்துட்டுப் போறேன். இவனுக்கு நன்றி எங்கயாவது கிடைக்குமான்னு தேடிப் பாரு, பொண்ணே."

"நன்றி என்ற பெயரில் அருகில் எந்த இடமும் இல்லை" என்றது வண்டி ஒருநாள். "டென்னிங்கில் தேடட்டுமா?"

கிளாரி இருமுவதுபோல நடித்துக்கொண்டே ஐந்து கிலோமீட்டர் சிரித்தான். எல்மா மூக்கை உறிஞ்சிக்கொண்டு வெளியே பார்த்தாள். வண்டிக்குள் ஒரு சின்னக் கேமரா உண்டு, ஓட்டுகிறவர் கண் எங்கே போகிறது என்று கவனிக்கும். உடனே மணியடித்து, "தயவுசெய்து சாலையைப் பாருங்கள்" என்றது. ஒரு பயணத்தில் முப்பது தடவையாவது அது இப்படிச் சொல்லும். எங்கள் பக்கத்தில் வண்டி ஓட்டுவது என்றாலே அடுத்தவன் காட்டைப் பார்ப்பதுதான்.

"ரோடு எங்கயும் போயிராது" என்று எல்மா அதட்டுவாள். "வென்கே பயலோட கோதுமையில மஞ்சத் துரு விழுந்திருக்கு. அதை யார் பாக்குறது, நீயா?"

ஊர் எல்லையில் நூறு கிலோமீட்டர் வேகம் வரை போகலாம் என்று பலகை வரும். அதுவரை பொறுத்துக்கொண்டிருந்த கால் அங்கே அழுத்தும். ஓசை எதுவும் எழாது. தரை மட்டும் காலடியிலிருந்து உருவினாற்போல இருக்கும், வயிறு முதுகெலும்பில் போய் ஒட்டிக்கொள்ளும். "என் தொப்பி பின்சீட்டுக்குப் போயிருச்சுன்னு சொல்லு" என்பான் கிளாரி. நான் எடுத்துக் கொடுப்பேன்.

டென்னிங்கில் அவன் ஐந்து மணி நேரம் மெஷினில் படுத்திருப்பான். எல்மா சூப்பர்மார்க்கெட் பின்னால் வண்டிக்குச் சார்ஜ் போட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும். காத்திருப்பது அவளுக்குத் தெரியாத வேலை. முதல் வாரம் ஆஸ்பத்திரி டீ கப்புகளை எல்லாம் கழுவினாள், நர்ஸ்கள் தடுத்தார்கள். அப்புறம் வாசல் ரோஜாப் பாத்தியில் களை எடுக்க ஆரம்பித்தாள். அதை யாரும் தடுக்கவில்லை. இந்த வருஷம் டென்னிங் ஆஸ்பத்திரி ரோஜாக்கள் போல எங்கும் இல்லை.

எங்கள் மாநிலத்தில் எண்பத்தைந்து வயது ஆவதற்குள் லைசென்ஸை வைத்துக்கொள்ள ஓட்டிக் காட்ட வேண்டும். மனமில்லாதவர்கள் ஊரைச் சுற்றி மட்டும் ஓட்டுகிற குட்டி லைசென்ஸ் வாங்கிக்கொள்ளலாம். அதை வைத்துக்கொண்டு கடைக்குப் போகலாம், சர்ச்சுக்குப் போகலாம், டென்னிங் போக முடியாது. எல்மாவுக்கு இந்த செப்டம்பர் இருபத்தெட்டாம் தேதி எண்பத்தைந்து. முதல் சோதனை ஒன்பதாம் தேதி, செவ்வாய்க்கிழமை. டென்னிங்கிலிருந்து ஓர் அதிகாரிப் பெண் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

அதைக் கெடுத்தவன் நான்தான்.

ஊர்க் கோதுமையைக் கொட்டிவைக்கும் பெரிய குதிர்களுக்குப் போகிற ரோட்டில் தீவன மூட்டையோடு எதிரே வந்தேன். எல்மாவின் வண்டி. பக்கத்தில் யாரோ பெண் இருப்பது தெரிந்தது, மெல்போர்ன் மகள் வந்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். இரண்டு தெரிந்த வண்டிகள் எதிரெதிரே வந்தால், ஓட்டுகிறவர் ஜன்னல்கள் நேருக்கு நேர் வரும்படி நடு ரோட்டில் நிறுத்திப் பேசிவிட்டுத்தான் போவோம். நிறுத்தாமல் போனால் என்ன கோபம் என்று மறுநாள் வீட்டுக்கு வந்து கேட்பார்கள். நான் நிறுத்தினேன். எல்மாவும் நிறுத்தினாள். யோசித்து நிறுத்தவில்லை, இருமல் வந்தால் வாயைப் பொத்துகிற மாதிரி.

"உனக்கு எத்தன மில்லி?" என்றேன். முந்தின நாள் மழை பெய்திருந்தது.

"பதினொண்ணு. உனக்கு?"

"எட்டரை."

"எட்டரையா? உன் மேட்டுல எப்பவும் அது கிழக்கால ஒதுங்கிரும்."

"கிளாரி காட்டுல?"

"அவன் காட்டு மழைய நான் எதுக்குடா கேக்கப் போறேன். பதிமூணு."

"மிஸஸ் கிளெம்கே, வண்டியை எடுங்க" என்றது உள்ளேயிருந்து ஒரு குரல்.

"இரும்மா, பேசிட்டு இருக்கோம்ல" என்றாள் எல்மா.

பின்னால் ஒரு கோதுமை லாரி வந்து நின்றது. லாரிக்காரனும் ஹார்ன் அடிக்கவில்லை, இஞ்சினை அணைத்துவிட்டுப் பீடி மாதிரி ஒன்றைச் சுற்ற ஆரம்பித்தான். நான்கு நிமிஷம் பேசினோம். அதிகாரி எழுதியது ஒரே வரி: நடுச் சாலையில் காரணமின்றி வண்டியை நிறுத்தினார். அதற்குமேல் ஓட்டிக் காட்டத் தேவையில்லை என்று சொல்லிவிட்டாள்.

"காரணமில்லாமலா!" என்று எல்மா ஒரு வாரம் சொல்லிக்கொண்டிருந்தாள். "மழைய விட வேற என்ன காரணம் வேணும் இவங்களுக்கு?"

இரண்டாவது சோதனைக்கு இருபத்து மூன்றாம் தேதி கொடுத்தார்கள். நடுவில் ஒருநாள் கிளாரி என்னை வேலியோரம் கூப்பிட்டான். வேலிக் கம்பியைச் சுண்டிப் பார்த்துக்கொண்டே பேசினான்.

"லெஸ், அவ லைசென்ஸ் போச்சுன்னா டென்னிங்ல ஒரு விடுதியில வந்து கிடன்னு நர்ஸ் சொல்லுது. நான் போமாட்டேன்."

"பின்ன என்ன பண்ணுவ?"

"மெஷினை விட்டுருவேன். ரெண்டு வாரம் தாங்கும்னு டாக்டரே சொல்லிருக்கான். வலிக்காதாம், தூக்கமாத்தான் வருமாம்." கம்பியை இன்னொரு முறை சுண்டினான். "இதை அவகிட்ட சொல்லித் தொலைக்காத."

அன்று மதியமே சொல்லித் தொலைத்தேன். எல்மா வண்டிக்குள் தலையைவிட்டு கால்மிதியைப் பிரஷ்ஷால் தேய்த்துக்கொண்டிருந்தாள். சொல்லி முடிக்கும்வரை தேய்ப்பதை நிறுத்தவில்லை. முடித்ததும், தேய்த்த கால்மிதியையே திரும்பத் தேய்த்தாள்.

"அவன் அடக்கத்தன்னிக்கு எனக்கும் அறுப்பு இருக்கும்னு சொல்லு" என்றாள். பிறகு, "மூணு முக்குத் திருப்பத்துல எந்தப் பக்கக் கண்ணாடிய முதல்ல பாக்கணும்? வலமா, இடமா?" என்றாள்.

அன்றிலிருந்து அவள் ஓட்டியதை ஊர் முழுக்கப் பார்த்தது. கோதுமைக் குதிர்களைச் சுற்றிச் சுற்றி வந்தாள். தபாலாபீஸ் முன்னால் பின்னோக்கி எடுத்து நிறுத்துவாள், பிடிக்காது, எடுப்பாள், திரும்ப நிறுத்துவாள். வண்டி தானாகவே நிறுத்திக்கொள்ளும், அந்த வசதியை எல்லாம் அணைத்துவிட்டுத்தான் பழகினாள். ரோட்டில் போட்ட வெள்ளைக் கோட்டைத் தாண்டினால் ஸ்டியரிங்கைப் பிடித்து இழுக்கும் கருவி ஒன்று உண்டு. அதற்கும் இவளுக்கும் பெரிய மல்லுக்கட்டு, "விடுடி, நான் பாத்துக்குறேன்" என்று வீதிக்கே கேட்கும். எதிரே வருகிறவர்களுக்கு ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலை உயர்த்துவது எங்கள் வணக்கம். அதுவும் வேண்டாம் என்று இரண்டு ஆள்காட்டி விரலையும் கம்பளி நூலால் ஸ்டியரிங்கோடு கட்டி ஓட்டிப் பார்த்தாள். திங்கள், புதன், வெள்ளியில் கிளாரி வேறு, "கிளம்புறதுக்கு முந்தி தோளுக்கு மேல திரும்பிப் பாக்கலன்னு சொல்லு அவகிட்ட" என்று வண்டியிடம் புகார் சொல்லிக்கொண்டே வந்தான். அடுத்த தடவை எல்மா திரும்பிப் பார்த்தாள்.

வெள்ளிக்கிழமை சாப்பாட்டுக்கு ஊரே கூடுகிற நேரத்தில் பப்புக்குள் வந்தாள். உட்காரவில்லை. ஒரு நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"செவ்வாக்கிழமை பத்து மணிக்கு நான் மெயின் ரோட்டுல வருவேன். ஒருத்தரும் என்னை நிறுத்தக் கூடாது. ஒருத்தரும் கையசைக்கக் கூடாது. எவனாவது விரலைத் தூக்கினீங்க, அந்த விரலை ஒடிச்சு உங்க நாய்க்குப் போட்டுருவேன். லெஸ், உனக்கு ரெண்டு விரலு."

"கண்ணடிக்கலாமா எல்மா?" என்றான் பாரி.

"உன் மூஞ்சிக்கு அது ஒண்ணுதான் குறைச்சல்."

எல்லோரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. போகும்போது நாற்காலியை நேராக்கிவிட்டுப் போனாள்.

செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு நான் தபாலாபீஸ் வாசலில் நின்றேன். இரண்டு கையும் பாக்கெட்டுக்குள். என்னோடு சேர்த்துத் தெருவில் பதினோரு பேர். பாரி பப் ஜன்னல் திரையை இழுத்து மூடிவிட்டான். வண்டி வந்தது. சத்தம் இல்லாததால் வருவது தெரியாது. திரும்பியபோது அங்கே இருந்தது. எல்மா கழுத்தை நிமிர்த்தி, தேவாலயத்துக்குப் போகிறவள் மாதிரி நீலக் கோட்டுப் போட்டு உட்கார்ந்திருந்தாள். நான் கடிதப் பெட்டியைப் பார்த்தேன். ரொட்டிக் கடைக்காரி தன் செருப்பைப் பார்த்தாள். வென்கே எங்களுக்கு முதுகைக் காட்டிச் சுவரில் ஒட்டியிருந்த பழைய ஏல நோட்டீஸைப் படித்தான். எழுத்துக் கூட்டிப் படிக்கிற அளவுக்கு நின்றான். சவ வண்டி போனால்கூட நாங்கள் தொப்பியைக் கழற்றுவோம். அப்படி ஒருவர் முகமும் திரும்பாமல் ஒரு வண்டி அந்தத் தெருவைக் கடந்து நான் பார்த்ததில்லை.

பதினொன்றரைக்குச் செய்தி வந்தது. தேறிவிட்டாள். ரொட்டிக் கடைக்காரி பெரிய கேக் ஒன்று செய்து பப்பில் வைத்திருந்தாள். நாங்கள் ஒரு மணி வரை காத்திருந்தோம். எல்மாவின் வண்டி பப்பைக் கடந்து வீட்டுக்குப் போயிற்று, நிற்கவில்லை. கேக்கை நாங்களே வெட்டித் தின்றோம். யாருக்கும் அவ்வளவாக இறங்கவில்லை.

மறுநாள் புதன்கிழமை. கண் ஆபரேஷனுக்குப் பிறகு முதல் தடவை காட்டுவதற்காக நானும் பின்சீட்டில் இருந்தேன். எல்மா வண்டி தாழ்ந்து முடியும்வரை வெளியே நின்றாள். அப்புறம் ஏறினாள். கிளாரி ஏறியதும் அவன் பக்கம் இருபத்தாறு டிகிரிக்கு அவளே திருகி வைத்தாள். ஊர் எல்லையில் நூறு என்ற பலகை வந்தது. கால் அழுத்தவில்லை. வென்கேயின் கோதுமை இரண்டு பக்கமும் மார்பளவு நின்றது, அதையும் பார்க்கவில்லை. வண்டிக்கு அவளிடம் சொல்ல ஒன்றுமில்லாமல் போய்விட்டது.

முப்பது கிலோமீட்டர் தாண்டிய பிறகுதான் வாயைத் திறந்தாள்.

"ஏ பொண்ணே. நேத்து நான் செத்துப்போய் என் தெரு வழியாவே போனேன்."

"மன்னிக்கவும், எனக்குப் புரியவில்லை" என்றது வண்டி.

"சொல்லி வெச்சது நான்தான். யாரையும் குறை சொல்லல. ஆனா சொன்னபடியே செஞ்சுட்டாங்க பாரு. ஒருத்தன் திரும்பல." கட்டைவிரலால் ஸ்டியரிங்கின் தையலைக் கீறிக்கொண்டே இருந்தாள். "இவ்வளவு லேசா இருக்கும்னு நான் நெனைக்கல, ஒரு ஆளப் பாக்காத மாதிரி இருக்குறது. நானும்தான் எத்தனை வருஷமா... சரி விடு. உனக்கு என்ன புரியும்."

வழக்கமாகக் கிளாரி இந்த இடத்தில் ஏதாவது சொல்லி அனுப்புவான். நான் காத்திருந்தேன். டயருக்கடியில் சாலை வழுக்குகிற மெல்லிய ஓசை மட்டும் இருந்தது. பாலம் போனது. இரண்டாவது குதிர் போனது. எல்மா கண்ணாடியை இறக்கினாள், ஏற்றினாள், திரும்ப இறக்கினாள்.

கிளாரி கோட்டுப் பைக்குள் கையை விட்டான். கைக்குட்டையில் சுற்றிய ஒன்றை எடுத்து மடியில் பிரித்தான். அவித்த முட்டை. வீங்கிப்போன விரலால், ஓடு ஒன்றுகூடக் கீழே விழாமல் உரித்தான். ரொம்ப நேரம் பிடித்தது. பேனாக்கத்தியால் இரண்டாக அரிந்தான். பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்தான். அதில் உப்பு. மெஷினில் படுக்கிறவர்களுக்கு உப்பு ஆகாது, கிளாரி வீட்டில் உப்பு என்ற சாமானே இருந்து இரண்டு வருஷம் ஆயிற்று. ஒரு பாதியை அப்படியே மடியில் வைத்துக்கொண்டான். மறுபாதியில் மட்டும் ஒரு சிட்டிகை தூவி, கையைப் பக்கவாட்டில் நீட்டிப் பிடித்துக்கொண்டிருந்தான்.

எல்மா வண்டியைக் கூப்பிடவில்லை. வேகத்தை எண்பதுக்கு இறக்கினாள். இடது கையை ஸ்டியரிங்கிலிருந்து எடுத்து, கோட்டில் ஒருமுறை துடைத்துக்கொண்டு, உள்ளங்கையை விரித்து நீட்டினாள்.